ஆம்னியின் பின்பக்கப் பட்டையை வீட்டிலேயே மாற்றலாமா?

தங்கச்சிமடம் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களிடம் 2011ஆம் ஆண்டின் மாருதி ஆம்னி ஒன்று இருக்கிறது. பாதி வீட்டுப் பயன்பாட்டுக்கும் பாதி கருவாட்டு வியாபாரத்துக்கும் ஓடுகிற வண்டி. தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் வழியாக ராமநாதபுரத்துக்கும், சில வேளைகளில் பரமக்குடி வரைக்கும் சரக்கோடு போய்வருவோம். கொஞ்ச காலமாக வண்டியின் இடது பின்பக்கம், வலது பக்கத்தைவிட இரண்டு விரல் அளவுக்குத் தாழ்ந்து நிற்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடியில் ‘டொக்’ என்று ஓர் அடி விழுகிறது. அதைவிடக் கவலை தருவது, முதல் கியரில் கிளட்சை விடும்போதும் அதே ஓசை ஒருமுறை கேட்பதுதான்.

அடியில் படுத்துப் பார்த்தேன். பின்பக்கப் பாரத்தைத் தாங்குகிற வில்பட்டைகளுக்கு (லீஃப் ஸ்பிரிங்) நடுவே துரு அடுக்கடுக்காகப் பிதுங்கி நிற்கிறது. பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டுகிற யு போல்ட்டில் மரை எங்கே தொடங்குகிறது என்பதே தெரியவில்லை. இடது ஷாக் அப்சார்பரிலிருந்து எண்ணெய் கசிந்து, மணலோடு சேர்ந்து கருப்புப் பிசுக்காக ஒட்டியிருக்கிறது. ஒரு பட்டறையில், ஷாக் இரண்டையும் மாற்றினால் வண்டி எழுந்து நின்றுவிடும் என்றார்கள். இன்னொன்றில், கூடுதலாக ஒரு பட்டை சேர்த்துக் கட்டித் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் ஒரு நிமிடத்துக்கு மேல் பார்க்கவில்லை என்பதால், எதையும் நம்பிச் செலவு செய்ய மனம் வரவில்லை.

நல்ல ஸ்பேனர் செட்டும் ஹைட்ராலிக் ஜாக்கியும் என்னிடம் இருக்கின்றன. பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள் போன்றவற்றை நானே மாற்றி வருகிறேன். துணைக்கு மைத்துனரும் வருவார். குறை ஷாக்கிலா, பட்டையிலா என்று எப்படி உறுதிசெய்வது? எங்கள் வீட்டு முற்றம் மணல் தரை. அங்கே இந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியுமா? புதிதாகப் போடும் பட்டையும் இதே கதிக்கு ஆளாகாமல் இருக்க என்ன செய்யலாம்? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

உச்சிப்புளி மெக்கானிக் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். முதலில் ஷாக் பற்றிய பேச்சை முடித்துவிடுவோம். ஆம்னியின் பின்பக்கத்தில் பாரத்தைத் தாங்குவது பட்டை மட்டுமே. பட்டை அமுங்கி எழும்போது அது தொடர்ந்து ஆடிக்கொண்டே இராமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. ஆகவே, ஷாக் முழுவதும் செத்துப்போன வண்டி குதிக்குமே தவிர ஒரு பக்கம் தாழ்ந்து நிற்காது. எண்ணெய் கசிகிற ஷாக்கை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதனால் வண்டி எழுந்து நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கிளட்சை விடும்போது கேட்கிற ஓசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆம்னியில் இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கிறது, சுழல்வதோ பின்சக்கரம். அந்தச் சக்கரம் தரையை உதைக்கிற விசை ஆக்சில் வழியாகவும், பட்டையின் முன்பாதி வழியாகவும்தான் பாடிக்குப் போய் வண்டியை நகர்த்துகிறது. அதாவது பட்டை பாரத்தைச் சுமப்பதோடு, ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்தும் வைத்திருக்கிறது. புறப்படும்போது ‘டொக்’ என்றால் பட்டையின் முன்முனையில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது யு போல்ட் தளர்ந்திருக்க வேண்டும், அல்லது பட்டைகளை ஒன்றாகக் கோக்கிற சென்டர் போல்ட் அறுந்திருக்க வேண்டும். சமதரையில் வண்டியை நேராக நிறுத்தி, முன்சக்கர நடுப்புள்ளிக்கும் பின்சக்கர நடுப்புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தை இருபுறமும் நாடாவால் அளந்து பாருங்கள். ஆம்னிக்கு அது 1840 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால் ஆக்சில் இடம் பெயர்ந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பாரம் ஏற்றிப் பாலத்தைக் கடக்க வேண்டாம்.

இனிச் சொல்லப்போவதைத் தயவுசெய்து ஊன்றிப் படியுங்கள். பட்டையைத் தொடுவதற்கு முன்பு, அந்தப் பட்டை எதில் தொங்குகிறது என்று பாருங்கள். லாரிக்கு இருப்பதுபோல் ஆம்னிக்குத் தனியான கனத்த சேசிஸ் கிடையாது. பட்டையின் முன்முனையைப் பிடிக்கிற பிராக்கெட்டும், பின்முனையில் ஆடுகிற இணைப்பான ஷாக்கிளைப் பிடிக்கிற பிராக்கெட்டும், பாடியோடு சேர்ந்த பெட்டி வடிவத் தகட்டில்தான் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. கருவாட்டு மூட்டையிலிருந்து உதிர்கிற உப்பும், மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீரும் தரைவிரிப்புக்கு அடியில் தேங்கி, அந்தப் பெட்டிக்குள் இறங்கி, உள்ளேயிருந்தே அரிக்கும். வெளியே கருப்புப் பூச்சு பளபளப்பாக இருக்கும். உள்ளே தகடு காகிதமாக மெலிந்திருக்கும். நம் கடற்கரை வண்டிகளில் பட்டை உடைவதைவிட இதுதான் ஆபத்து. பிராக்கெட்டைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குச் சிறிய சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று பேசும். அரித்த தகடு ‘பொத்’ என்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். முனை உள்ளே போனால் அந்த இடத்திலேயே வீட்டு வேலையை நிறுத்திவிட வேண்டும். அரித்த பகுதியை வெட்டியெடுத்து, சரியான கனத்தில் தகடு வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த டிங்கரிடம்தான் வண்டி போக வேண்டும். கூடுதல் பட்டை சேர்ப்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்கும் இதுவே காரணம். பட்டை விறைப்பாக ஆக ஆக, அது வாங்கிக்கொள்ள வேண்டிய அடியெல்லாம் இந்தத் தகட்டின் மீதுதான் இறங்கும்.

தகடு திடமாக இருந்தால் வேலையை நீங்களே செய்யலாம். ஆனால் வண்டியைத் தூக்கி நிறுத்துவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கிறது; ஆம்னியில் கியரில் போட்டு நிறுத்தினாலும் அது பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கம் முழுவதையும் தூக்கிவிட்டால் இரண்டாலும் பயன் இல்லை. முன்சக்கரங்கள் தடையின்றி உருளும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கியிருந்தாலும், இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறாகச் சுழல விடுகிற டிஃபரன்ஷியல் இருப்பதால் தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் உருண்டுவிட முடியும். கியர் அதைத் தடுக்காது. எனவே முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கனமான அடைகட்டை வைத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும்.

மணல் தரையில் ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்து சாயும். ஒரு முழத்துக்குக் குறையாத அகலமுள்ள கனத்த பலகையோ, பக்கம் பக்கமாக ஆணியடித்துச் சேர்த்த பனஞ்சட்டங்களோ போட்டு, அதன் மேல் ஜாக்கியையும் ஸ்டாண்டையும் வையுங்கள். முற்றத்தில் சிமெண்டுத் தளம் போட்ட இடம் கொஞ்சமாவது இருந்தால் அங்கேயே செய்யுங்கள். ஹாலோ பிளாக் கல்லையும் செங்கல்லையும் முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தவே கூடாது. அவை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே நொடியில் பிளந்துவிடும். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் நுழையவும் கூடாது. பாடியை, பட்டையின் முன் பிராக்கெட்டுக்கு முன்னால் உள்ள திடமான பகுதியில், இருபுறமும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆக்சிலுக்குத் தனியாக ஒரு ஜாக்கி வைத்து, பட்டையின் இழுவிசை தளரும் வரை மெதுவாக இறக்குங்கள். ஷாக்கைக் கழற்றிய பின் ஆக்சில் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும் என்பதால், பிரேக் ரப்பர் ஹோஸ் இழுபடுகிறதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

போல்ட்டுகளைப் பற்றி: கழற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே, துரு இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் விட்டு, தலையில் லேசாகத் தட்டி வையுங்கள். யு போல்ட்டைக் காப்பாற்ற முயல வேண்டாம். அறுத்துப் போட்டுவிட்டுப் புதியது போடுங்கள். ஒருமுறை இழுபட்டு அரித்த யு போல்ட்டை மீண்டும் முறுக்கினால் பிடி நிற்காது. முன்முனை போல்ட்தான் உங்களை அழவைக்கப் போகிறது. அது புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழலோடு ஒன்றாக இறுகிப்போயிருக்கும். பிராக்கெட்டுக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஹேக்ஸா பிளேடை விட்டு, இரண்டு பக்கமும் பொறுமையாக அறுப்பதே நல்ல வழி. கேஸ் வைத்துச் சூடாக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வண்டிக்கு அடியில் பெட்ரோல் டேங்கும், பெட்ரோல் குழாய்களும், பிரேக் குழாய்களும் இருக்கின்றன.

சாயல்குடி நண்பர் எழுதியது:

உச்சிப்புளி அண்ணன் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடே. துருவைத் தடுப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில், உப்பளத்துக்குப் போய்வருகிற வண்டிகளுக்கு, மழைக்காலத்துக்கு முன்பு அடிப்பாகம் முழுவதும் பழைய இன்ஜின் ஆயிலை அடித்துவிடுவது வழக்கம். செலவும் குறைவு. வாலிநோக்கம் சாலையில் ஓடுகிற பழைய வண்டிகள் பல அப்படித்தான் தாக்குப்பிடிக்கின்றன. கேள்வி கேட்டவரும் அதையே செய்யலாம். பழைய பட்டை இன்னும் கனமாக இருந்தால், பாத்ரூம் கழுவுகிற ஆசிடில் ஊறவைத்துத் துருவை நீக்கி, வளைவு ஏற்றி மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அதைப் பற்றி அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

கீழக்கரை வேதியியல் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆசிடைப் பற்றிய கேள்விக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது உயிரோடு தொடர்புடையது. வில்பட்டைக்குப் பயன்படுவது பதப்படுத்தப்பட்ட மிகக் கடினமான எஃகு. அதை அமிலத்தில் போட்டால் துரு கரைவதோடு, இரும்பும் அமிலமும் வினைபுரிந்து ஹைட்ரஜன் உண்டாகிறது. அந்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி எஃகின் உள்ளே ஊடுருவி, அதை நொறுங்கும் தன்மை உடையதாக ஆக்கிவிடுகிறது. சாதாரண மென்னிரும்புக்கு இது பெரிய தொல்லையாவதில்லை. எஃகு எவ்வளவு கடினமோ அவ்வளவுக்கு ஆபத்து. பளிச்சென்று சுத்தமாகத் தெரிகிற அந்தப் பட்டை, பாரம் ஏற்றிய பின் எந்த நேரத்திலும் சட்டென்று முறியலாம். பட்டையில் வெல்டிங் வைக்கக் கூடாது என்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் கெட்டுவிடும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்குங்கள். பள்ளம் விழும் அளவுக்கு அரித்திருந்தால் பட்டையைக் கழித்துவிடுங்கள், ஏனெனில் விரிசல் அந்தப் பள்ளத்திலிருந்துதான் தொடங்கும்.

நம் கரையில் இவ்வளவு விரைவாக ஏன் துருப்பிடிக்கிறது என்பதை அறிந்துகொண்டால், எதைச் செய்வது, எதைத் தவிர்ப்பது என்பது தானே விளங்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. பாம்பன் பாலத்தின் மேல் காற்று வீசும்போது முகத்தில் ஒட்டுகிற பிசுபிசுப்பு, அந்த நீரின் நுண்துளிதான். வண்டியின் அடியில் படிந்த துளி வெயிலில் காய்ந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும், சமையல் உப்பே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கிற மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும். நிறுத்தி வைத்திருக்கிற வண்டியும் இரவெல்லாம் உப்புநீரில் நனைந்துகொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். பட்டைகளின் இடுக்கும், யு போல்ட்டுக்கு அடியில் உள்ள தட்டும் வெயில் வந்த பிறகும் உலர்வதில்லை. அங்கே உண்டாகிற துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், ஆப்பு அடித்ததுபோல் பட்டைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது. நீங்கள் பார்த்த பிதுங்கல் அதுதான். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பாம்பன் புதிய ரயில் பாலத்தில், இணைப்புகளை முழுமையாகப் பற்றவைத்து, பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்து, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இடுக்கே இல்லாமல் செய்துவிடுவது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பதற்கு நம் கண்ணெதிரே நிற்கிற சான்று அது. பட்டையில் இடுக்கை ஒழிக்க முடியாது. உப்பை மட்டும்தான் ஒழிக்க முடியும்.

அதற்கு நல்ல தண்ணீர் வேண்டும். நம் மாவட்டத்தில் அதுதான் அரிது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் உவர்ப்பான போர் தண்ணீரை அடித்துக் கழுவினால், பழைய உப்பை நீக்கிப் புதிய உப்பைப் பூசுகிறோம். முழு வண்டியையும் வாரந்தோறும் கழுவத் தேவையில்லை. காவிரித் தண்ணீரோ, சேமித்த மழைநீரோ இரண்டு குடம் எடுத்து, கைப்பம்பு தெளிப்பானால் பட்டை, ஷாக்கிள், பிராக்கெட் ஆகியவற்றின் மீது மட்டும் பீய்ச்சினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையை ஒரு டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டால், பல மாதங்களுக்கு இந்த வேலைக்கு அது ஈடுகொடுக்கும்.

பழைய ஆயிலைப் பற்றிச் சாயல்குடி நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. எண்ணெய்ப் படலம் ஈரத்தைத் தடுக்கும். ஆனால் ஷாக்கிளில் இருக்கிற ரப்பர் புஷ் இயற்கை ரப்பராக இருந்தால், அது கனிம எண்ணெயை உறிஞ்சி உப்பி, மென்மையாகிக் கிழிந்துவிடும். நம் கடற்கரை மணல் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, பட்டைகளை உப்புத்தாள்போல் அராவவும் செய்யும். மழையில் அது அடித்துச் செல்லப்பட்டு மண்ணிலும் கிணற்றிலும் இறங்குவது தனிக் கேடு. துத்தநாகம் மிகுந்த பிரைமரைப் பட்டையின் மேற்பரப்பில் பூசி, பெட்டி வடிவத் தகட்டின் உட்புறத்தில் மெழுகு வகைப் பூச்சைத் தெளிப்பது நிலைத்த பாதுகாப்பு.

தங்கச்சிமடம் வாசி எழுதியது:

உச்சிப்புளி அண்ணனுக்கும், கீழக்கரைக் காக்காவுக்கும், சாயல்குடி நண்பருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி அளந்து பார்த்தேன். வலது பக்கம் 1840 சரியாக இருக்கிறது. இடது பக்கம் 12 மில்லிமீட்டர் குறைகிறது. மண்ணையும் துருவையும் சுரண்டி எடுத்த பிறகு, இடது மெயின் பட்டையில், அதாவது அடுக்கிலேயே நீளமான பட்டையில், சென்டர் போல்ட் துளையை ஒட்டி ஒரு விரிசல் தெரிந்தது. போல்ட்டின் தலையும் அறுந்து சாய்ந்திருக்கிறது. பிராக்கெட்டுகளைச் சுற்றித் தட்டிப் பார்த்ததில் நான்கு இடமும் ‘ணங்’ என்றே கேட்டன. இடது பின் பிராக்கெட்டுக்கு மேலே மட்டும் தகடு செதில் செதிலாக உரிகிறது. ஆனால் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கவில்லை. வண்டியை ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

இன்னும் மூன்று ஐயங்கள். இடது பட்டையை மட்டும் மாற்றலாமா, இரண்டையும் மாற்ற வேண்டுமா? துருப்பிடிக்காது என்பதற்காக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டுகளைக் கடைந்து வாங்கிப் போடலாமா? கடைசியாக இறுக்கும்போது கவனிக்க வேண்டியது என்ன?

உச்சிப்புளி மெக்கானிக் எழுதியது:

ஓட்டுவதை நிறுத்தியது மிகச் சரியான முடிவு, தம்பி. விரிசல் விட்ட மெயின் பட்டை முழுவதும் முறிந்தால் ஆக்சில் ஒரு பக்கம் சாய்ந்து, ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தும் வண்டி உங்கள் கையில் இருக்காது.

இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். புதுப் பட்டையின் வளைவும் விறைப்பும் பழையதோடு ஒத்துப்போகாது. வண்டி இப்போது இடதுபுறம் சாய்வதற்குப் பதிலாக வலதுபுறம் சாயும். ஷாக், புஷ், யு போல்ட், ஷாக்கிள் ஆகியவற்றையும் இருபுறமும் புதிதாகவே போடுங்கள். பழைய பட்டைக்கு வளைவு ஏற்றித் தருகிற பட்டறைகள் உண்டு. ஆனால் இந்த அளவுக்கு இடுக்கில் அரித்த பட்டைக்கு அந்தச் செலவு வீண்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் வேண்டாம். சாதாரண இரும்பை ஒட்டி அது ஈரத்தில் இருந்தால், போல்ட் பிழைத்து, அதைப் பிடித்திருக்கிற பிராக்கெட் வேகமாக அரிக்கும்; கீழக்கரை ஆசிரியரும் இதை ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். லேத்தில் கடைந்து தருகிற போல்ட்டின் வலுவும் உறுதியில்லை. கம்பெனி உதிரிபாகத்தையே வாங்குங்கள். வேறு வழியில்லாமல் கடைப் போல்ட் போட நேர்ந்தால், அசல் போல்ட்டின் தலையில் வலுவைக் குறிக்கிற எண் என்ன இருக்கிறதோ அதற்குக் குறையாததாக, 8.8 அல்லது 10.9 என்று பொறித்ததைப் பார்த்து எடுங்கள். எண்ணே இல்லாத போல்ட்டைப் பட்டையில் போடாதீர்கள்.

பொருத்தும்போது, சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் தட்டில் உள்ள குழியில் முழுவதும் அமர்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே யு போல்ட்டை இறுக்குங்கள். அந்தத் தலை விளிம்பில் ஏறி நின்றால் நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் ஆக்சில் மறுபடி நகரும். நான்கு நட்டுகளையும் குறுக்குமறுக்காக, சிறிது சிறிதாக இறுக்கி, கடைசியில் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடியுங்கள். முன்முனை போல்ட்டையும் ஷாக்கிள் நட்டுகளையும் மட்டும் ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கவே கூடாது. கையால் திருகி விட்டுவிடுங்கள். சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, பின்பக்கத்தை இரண்டு முறை அமுக்கிவிட்டு, பாரம் பட்டையின் மேல் நிற்கும்போதுதான் அவற்றை இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால், வண்டி தரையில் நிற்கிற நேரமெல்லாம் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து, சீக்கிரமே கிழியும். ரப்பரை நுழைக்க இடைஞ்சலாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம்.

முதலில் வெறும் வண்டியாக உங்கள் தெருவிலேயே ஓட்டிப் பாருங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட் நட்டுகளை மறுபடி அதே அளவுக்குச் சோதியுங்கள். புதிய பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது இறுக்கம் சற்றுக் குறைவது இயல்பு.

இடது பின் பிராக்கெட்டுக்கு மேலே செதில் உரிகிறது என்றீர்களே, அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். பட்டை கழன்று இருக்கும்போதுதான் அந்த இடம் முழுவதும் கைக்கு எட்டும். செதிலை அடிவரை சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரால் உப்புப் போகக் கழுவி, இரண்டு நாள் உலரவிட்டு, பிறகு பிரைமர் பூசுங்கள். சுரண்டும்போது தகடு மெலிந்திருப்பது தெரிந்தால், புதுப் பட்டையை மாட்டாமல் வண்டியை ஏற்றிக்கொண்டு டிங்கரிடம் போங்கள். கருவாட்டு மூட்டைக்கு அடியில், விளிம்பு உயர்ந்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று வைத்து, ஒவ்வொரு நடைக்குப் பிறகும் அதை வெளியே எடுத்துக் கொட்டிவிடுங்கள். தரைவிரிப்பையும் எடுத்துவிடுவது நல்லது, அதற்கு அடியில்தான் எல்லா உப்பும் தங்குகிறது.